உப்பு வணிகரும் செஞ்சில்லையின் மூன்று முட்டைகளும்

பாய் விரித்தால்தான் கப்பல் நகரும் என்று இருந்த காலத்தில் நடந்த கதை இது. சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பாதியில் எழுந்து போகாதீர்கள். இந்தக் கதையின் பாரமெல்லாம் பின்பாதியில்தான் இருக்கிறது.

பாய்மரத்துறை என்றொரு பட்டினம். அந்தப் பட்டினத்தில் மருதவாணர் என்றொரு உப்பு வணிகர். பொய் சொல்லாதவர். எடை குறைக்காதவர். வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பாதவர். அவருடைய மனைவி வடிவாள். பிள்ளை இல்லை. வடிவாள் வளர்த்த குருவிகள் இரண்டு இருந்தன.

செஞ்சில்லை என்பார்கள் அந்தக் குருவியை. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆணுக்கு உடம்பெல்லாம் செங்கல் சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் உப்பைக் கிள்ளித் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். பெண் மண்ணின் நிறம். அலகு மட்டும் சிவப்பு.

"உங்க உப்பை இவன் எப்போ திருடினான்னே தெரியலையே" என்று வடிவாள் ஆண் குருவியைக் காட்டிக் கணவரைச் சீண்டுவாள். "கடை வாசல்ல உக்காந்திருக்கீங்க, திருடன் வீட்டுக்குள்ள இருக்கான்." மருதவாணர் சிரிப்பார். குருவிக்கு என்ன தீனி, எவ்வளவு தீனி, எப்போது தீனி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது வடிவாளின் காரியம்.

ஒரு மழைக்காலத்தில் வடிவாளுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கோழிச்சாறு கொடுக்கச் சொன்னார். நாளுக்கு ஒரு கோழி அறுத்தார்கள். பத்தாம் நாள் வடிவாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். "எனக்காக இன்னொண்ணு சாக வேண்டாம்" என்றாள். மறுநாள் அவளும் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று மருதவாணர் கையில் நீர் வார்த்துச் சத்தியம் செய்தார். "உயிர் இருந்த உடம்பில் ஒரு துண்டுகூட இனி என் வாசற்படியைத் தாண்டாது."

சொன்னதைச் செய்தார். தோல் செருப்பு போயிற்று. தந்தச் சீப்பு போயிற்று. மான்கொம்பு பிடிபோட்ட கத்தி போயிற்று. பட்டினம் மூக்கில் விரல் வைத்தது. அவர் தெருவில் நடந்தால் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். துக்கத்தில் இருப்பவருக்கு ஊரின் மரியாதை ஒரு போர்வை மாதிரி. குளிருக்கு நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டில் இப்போது குரல் என்று இருந்தது அந்த இரண்டு குருவிகளின் குரல்தான். விடிந்ததும் ஆண் பாடும். மெல்லிய பாட்டு, பித்தளைத் தட்டில் கடுகு விழுவதுபோல் இருக்கும். அதைக் கேட்டுத்தான் மருதவாணர் எழுந்திருப்பார்.

ஆனால் குருவிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இவை போனால் வடிவாள் கை பட்ட எதுவும் உயிரோடு மிஞ்சாது. ஒரு குஞ்சு வேண்டும். அவளுடைய குருவிகளுக்கு ஒரே ஒரு குஞ்சு. மருதவாணருக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

முதல் கோடையில் பெண் குருவி கூடு கட்டியது. மருதவாணர் தேங்காய் நாரை மெல்லிசாகப் பிரித்துப் போட்டார். குருவி அதைப் பந்தாகச் சுற்றி உள்ளே போய் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தார். முட்டை இருந்தது. தொட்டால் அமுங்கியது. ஓடே இல்லை, ஈரத் தோல் போல ஒரு பை. பெண் குருவி அதை மாலைவரை அடைகாத்துவிட்டு, பிறகு காலால் ஒதுக்கியது.

தீனி சரியில்லை என்று அவருக்குப் பட்டது. அதுவரை சமையற்கட்டில் இருந்த தினையைத்தான் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வணிகர் அல்லவா? கப்பலுக்கு ஆள் அனுப்பினார். மலைநாட்டிலிருந்து தினை வந்தது. வடக்கிலிருந்து சாமை வந்தது. கடல் தாண்டி, பெயர் தெரியாத ஒரு மஞ்சள் விதை வந்தது. மூன்றையும் கையாலேயே புடைத்தார், கல் பொறுக்கினார், கலந்தார்.

கிண்ணத்தைப் பார்க்கவும் கற்றுக்கொண்டார். சில்லை விதையை முழுசாக விழுங்காது. அலகில் உருட்டி உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஊதினால் அத்தனையும் பறந்துபோகும். காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குனிந்து ஊதுவார். உமி மீசையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அந்த மீசையோடு கடைக்குப் போவார்.

எதிர்வீட்டு எண்ணெய் வணிகர் அச்சுதர் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஓய், மருதவாணரே, தீனி குருவிக்கா, உமக்கா?"

"குருவிக்குத்தான். நான் மிச்சத்தை மேயறேன்" என்றார் மருதவாணர். மனைவி போனபின் அவர் வேடிக்கையாகப் பேசியது அன்றுதான்.

முளைகட்டிய தானியம் நல்லது என்று யாரோ சொன்னார்கள், கொடுத்தார். பால் பிடித்த புல்கதிர் நல்லது என்றார்கள். தேடிப் போய்ப் பறித்து வந்தார். கூண்டிலேயே அடைத்து வைத்தால் குருவிக்கு இரத்தம் ஓடாது என்றார்கள். மாலை வேளைகளில் முற்றத்தில் வலை கட்டித் திறந்துவிட்டார்.

ஆண் குருவி முற்றத்துத் துளசியில் உட்கார்ந்து பாடும். பெண் குருவி நேரே சுவருக்குப் போகும். முற்றத்துச் சுவர் வெள்ளையடித்த சுவர். அடிப்பக்கம் பொரிந்திருந்த இடத்தில் தொங்கிக்கொண்டு, டிக் டிக் என்று கொத்தும். தினமும் அதே இடம். சுவரில் மிளகளவு குழிகள் விழுந்தன.

"நான் கப்பல் வச்சு விதை கொண்டுவர்றேன், நீ சுவரைத் தின்கிறியா?" என்று மருதவாணர் செல்லமாகக் கடிந்துகொள்வார்.

இரண்டாம் முறை கூடு கட்டியபோது முட்டைக்கு ஓடு இருந்தது.

மெல்லிய ஓடுதான். விளக்கைப் பிடித்தால் உள்ளே வெளிச்சம் தெரியும். ஆறாம் நாள் தாயின் பாரம் தாங்காமல் விரிந்துவிட்டது. ஆனால் ஓடு ஓடுதானே. மருதவாணர் அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடல் தாண்டி வந்த மஞ்சள் விதை வேலை செய்கிறது என்று நினைத்தார். அடுத்த முட்டை நின்றுவிடும் என்று நினைத்தார். அடுத்த முறை குஞ்சுதான் என்று நினைத்தார்.

இந்தச் செய்தி எப்படியோ கொற்றியின் காதுக்குப் போயிற்று.

கொற்றி விதைக்காரி. காட்டோரம் புல்விதை உதிர்த்துக் கூடையில் கொண்டுவந்து விற்பவள். குருவி, புறா, கிளி வளர்க்கிற வீடெல்லாம் அவளுக்குத் தெரியும். வடிவாள் இருந்தவரை மாதம் ஒருமுறை இந்த வீட்டுக்கு வந்தவள்தான். வடிவாள் போனபின் அவளை யாரும் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடாமலே வந்தாள். கூண்டைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், உடைந்த முட்டை ஓட்டை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"ஐயா, விதை அருமையான விதை. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அம்மா என்கிட்ட விதை மட்டுமா வாங்கினாங்க?"

"வேற என்ன வாங்கினா?"

கொற்றி மடியிலிருந்து ஓலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஒரு பக்கம் வெள்ளைப் பொடி. மறுபக்கம் படகு மாதிரி வளைந்த ஒரு வெள்ளை ஓடு.

"இது கோழிமுட்டை ஓடு, வறுத்து இடிச்சது. இது கடல்நுரை. கணவாய் மீன் செத்தா உள்ள இருக்கிற ஓடு கரை ஒதுங்கும், பொறுக்கிட்டு வருவேன். முட்டை வைக்கிற குருவிக்கு விதை வயித்துக்குத்தான். முட்டைக்கு ஓடு இதுலதான் வரும். அம்மா ஒருநாளும் இது இல்லாம வைக்க மாட்டாங்க."

மருதவாணர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பொட்டலம் வாசற்படிக்கு உள்ளே இருந்தது.

"கொற்றி, அதை வெளியே கொண்டுபோ."

"ஐயா, நான் எதையும் கொல்லல. முட்டையைச் சாப்பிட்டவங்க எறிஞ்ச ஓடு. கடல் கொண்டாந்து போட்ட நுரை."

"உயிர் இருந்த உடம்புதானே?"

"இருந்ததுதான்."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன். யாருக்காகப் பண்ணினேன்னு உனக்குத் தெரியும்."

கொற்றி பொட்டலத்தை மடிக்கவில்லை. வணிகரின் உதட்டைப் பார்த்தாள். மருதவாணர் வெற்றிலை போடுகிறவர். பக்கத்தில் வெற்றிலைச் செல்லப் பெட்டி திறந்திருந்தது, உள்ளே சுண்ணாம்பு டப்பி.

"ஒண்ணு கேட்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது. அந்தச் சுண்ணாம்பு எதுல இருந்து வருது?"

மருதவாணர் டப்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"கிளிஞ்சலை அள்ளிச் சூளையில போட்டுச் சுடறாங்க. கிளிஞ்சலுக்குள்ள இருந்தது உயிர் இல்லையா? ஐயா வாயிலயே அது போறப்ப, ஒரு சிட்டிகை குருவி வாயிலயும் போகட்டுமே. சத்தியத்துல ஏற்கெனவே இருக்கிற ஓட்டைதானே?"

இங்கேதான், கேட்கிறவர்களே, கதை திரும்புகிறது. ஒரு கேள்வி ஒருவர் நெஞ்சில் போய் விழுந்தால் அவர் இரண்டு விதமாக நகரலாம். மருதவாணர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்று பாருங்கள்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. குனிந்தார். வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார். வாசலில் போய்ச் சுண்ணாம்பு டப்பியைத் தெருவில் கவிழ்த்தார்.

"நல்ல நேரத்துல கண்ணைத் திறந்தே, கொற்றி. இத்தனை நாளா சத்தியத்தை நானே தின்னுட்டிருந்திருக்கேன்."

கொற்றி அசந்துபோனாள். "ஐயோ, நான் அதுக்குச் சொல்லலையே" என்றாள். அவர் கேட்கவில்லை. அப்போது அவர் கண் சுவரின் மேல் போயிற்று.

"அதுவும் சுண்ணாம்புதானே?"

"எது?"

"சுவர்."

மறுநாளே நான்கு ஆட்கள் வந்தார்கள். முற்றத்துச் சுவர், கூடத்துச் சுவர், சமையற்கட்டுச் சுவர், அத்தனையும் கொத்தனார் கரண்டியால் சுரண்டினார்கள். வெள்ளைப் பொடி மூட்டை மூட்டையாக வெளியே போயிற்று. செம்மண் குழைத்துப் பூசினார்கள். பட்டினமே வந்து பார்த்தது. "சுவரைக்கூட விடல பாரு" என்றது. "மனுஷன்னா இவர்தான்" என்றது. அச்சுதர் மட்டும் காதோரம் சொன்னார்: "பார்த்து, ஓய். கடல்லயும் கிளிஞ்சல் கிடக்கு. அதையும் சுரண்டக் கிளம்பிடாதீர்."

சுவர் சுரண்டுவதற்கு முதல்நாளே, கொற்றி போகுமுன் கூண்டருகே நின்றாள். "ஐயா, பொட்டலம் வேண்டாம்னா வேண்டாம். அந்தக் கூட்டையாவது பிரிச்சு எடுத்துடுங்க. கூடு இருந்தா முட்டை வைக்கும். ஓடு செய்ய வழியில்லாத குருவி முட்டை வைக்கக் கூடாது."

அந்தக் கூட்டில்தான் அவருடைய குஞ்சு இருந்தது, இன்னும் பிறக்காமல். எப்படிப் பிரிப்பார்?

"ரெண்டாவதுக்கு ஓடு வந்திருக்கு. மூணாவதுக்குக் கெட்டியா வரும்" என்றார். மஞ்சள் விதையை இரட்டிப்பாக்கினார்.

செம்மண் பூசி முடிந்த மாலையில் வழக்கம்போலக் கூண்டைத் திறந்துவிட்டார். பெண் குருவி நேரே சுவருக்குப் போயிற்று. பழைய இடத்தில் தொங்கியது. கொத்தியது. மண் உதிர்ந்தது. கொஞ்சம் தள்ளிக் கொத்தியது. மண். சுவர் நெடுகப் பறந்து பறந்து கொத்தியது. பிறகு தரையில் இறங்கி, அலகைச் சிறகில் துடைத்துக்கொண்டு, தானாகவே கூண்டுக்குள் போய்விட்டது.

மருதவாணர் அதைப் பார்த்தார். பார்த்தும் தெரியவில்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு காலையில் ஆண் பாடவில்லை. மருதவாணர் எழுந்து போய்ப் பார்த்தார். பெண் குருவி கூட்டில் இல்லை, கம்பில் இல்லை. கூண்டின் அடித்தட்டில், உமியின் மேல், இறகையெல்லாம் பொம்மென்று விரித்து உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. ஆண் அதன் பக்கத்தில் ஒட்டி நின்றது.

அவர் துண்டுகூடப் போடாமல் கொற்றியின் குடிசைக்கு ஓடினார். பட்டினத்து வணிகர் ஓடுவதை அன்றுதான் ஜனங்கள் பார்த்தார்கள்.

கொற்றி வந்தாள். உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு குருவியை எடுத்தாள். அடிவயிற்றை ஒரு விரலால் தொட்டாள். ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள். காத்திருந்தாள். மறுபடி தொட்டாள்.

"முட்டை வழியில நிக்குது. வெளிய தள்ள அவகிட்ட வலு இல்ல. அந்த வலுவும் சுண்ணாம்புலதான் இருக்கு."

"கொடு" என்றார் மருதவாணர். "என்ன இருக்கோ கொடு. சத்தியம் கிடக்கட்டும்."

கொற்றியின் மடியில் பொட்டலம் இருந்தது. அவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கடல்நுரையைத் தன் நகத்தாலேயே சுரண்டினார். பொடியை விரல் நுனியில் ஏந்திக் குருவியின் அலகுக்கு முன்னால் வைத்தார்.

குருவி கண்ணைத் திறந்தது. அது என்னவென்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை கொத்தியது. ஆவலோடு இரண்டாம் முறை கொத்தியது. மூன்றாம் முறை தலையைத் தூக்கப் பார்த்தது, தூக்க முடியவில்லை.

விரலில் மிச்சப் பொடி அப்படியே இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. வெயில் முற்றத்தில் பாதிவரை வந்துவிட்டது. கொற்றிதான் மெதுவாக, "போதுங்க ஐயா" என்றாள்.

பிறகு அவள் குருவியின் ஒரு சிறகை விரித்தாள். இரண்டு விரலால் பிடித்து லேசாக வளைத்தாள். எலும்பு மெழுகுபோல் வளைந்தது.

"ஓடு செய்ய வெளிய ஒண்ணும் கிடைக்கல. தன் எலும்பைக் கரைச்சுச் செஞ்சிருக்கா. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. ரெண்டாவது முட்டைக்கு மட்டும் ஓடு எங்கிருந்து வந்துச்சு? உங்க விதையில அது இல்லையே." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்தாள். செம்மண் சுவர். அதில் வரிசையாகப் புதிய கொத்தல்கள். கொற்றி பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அவள் சொல்லத் தேவையில்லை. மருதவாணருக்கு இப்போது தெரிந்தது. கடல் தாண்டி வந்த விதை அல்ல. அவர் செல்லமாகத் திட்டிய அந்தக் குழிகள். குருவி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக் கண்டுபிடித்திருந்தது. அவர் அதையும் ஆள் வைத்துச் சுரண்டி வெளியே அனுப்பிவிட்டார். ஊர் கைதட்டியது.

அவர் அழவில்லை. குருவியைத் துளசி மாடத்தடியில் குழி தோண்டி வைத்தார். முட்டை அதற்குள்ளேயே இருந்தது.

சாயங்காலம் நாலைந்து பேர் துக்கம் கேட்க வந்தார்கள். குருவிக்கா என்று சிரிக்கவில்லை. அவர்மேல் அத்தனை மரியாதை. அவர்களில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், சொன்னார். "போனது போகட்டும். எத்தனை சோதனை வந்தாலும் உங்க விரதத்துக்குப் பங்கம் வரலையே, அதைச் சொல்லணும்."

"விரதம் இருந்தது நான் இல்லை" என்றார் மருதவாணர். "நான் மூணு வேளையும் நெய் விட்டுச் சாப்பிட்டேன். விரதம் இருந்தது அது. அதுகிட்ட யாரும் கேட்கல."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுந்து போனார்கள். அதன்பின் அவர் தெருவில் நடந்தபோது முன்னளவுக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. அவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆண் குருவி பாடவே இல்லை. இரண்டு வாரம் பார்த்தார். பிறகு கூண்டைத் தூக்கிக்கொண்டு கொற்றியிடம் போனார். அவளிடம் நாலைந்து சில்லைகள் இருந்தன.

"இவனை வச்சுக்கோ. என்கிட்ட இருந்தா பட்டினி கிடப்பான். நான் போடற தீனியை நானே நம்பல."

"பாத்துக்கறேன். ஐயா எப்ப வேணா வந்து பாக்கலாம்."

அவர் தன் தட்டைப் பொறுத்தவரை சத்தியத்தைக் கடைசிவரை விடவில்லை. ஊன் தொடவில்லை, வெற்றிலையும் போடவில்லை. ஆனால் விடிந்ததும் கடற்கரைக்குப் போவார். அலை கொண்டுவந்து போட்ட கடல்நுரையைக் குனிந்து குனிந்து பொறுக்குவார். கழுவி, வெயிலில் காயவைத்து, கொற்றியின் கூடையில் கொண்டுபோய்ப் போடுவார். யார் வீட்டுக் குருவிக்கோ அது போகும். யார் வீடு என்று கேட்க மாட்டார்.

அடுத்த கோடையில் கொற்றியின் குடிசையில் ஆண் சில்லைக்கு வேறொரு துணையிடம் மூன்று குஞ்சுகள் பிறந்தன. கொற்றி ஆள் அனுப்பினாள். மருதவாணர் வந்து கூண்டின் முன் மண்டியிட்டார். மூன்று வாய்கள் திறந்து கத்தின.

"ஒண்ணை எடுத்துட்டுப் போங்க ஐயா. பிள்ளை மாதிரி வச்சுப்பீங்க" என்றாள் கொற்றி.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கை கூண்டுவரை போயிற்று. பிறகு திரும்பி வந்துவிட்டது.

"இதுங்களுக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியும்" என்றார். "எனக்கு என்ன வேணும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு நடந்து போனார். அந்த வீட்டில் பிறகு குருவிக் குரல் கேட்கவே இல்லை.

கதை இத்தோடு முடிந்தது. இது சொல்லும் நீதி இதுதான்: தான் எடுத்த விரதத்தைத் தன் உடம்பால் தாங்க வேண்டுமே தவிர, தன்னை நம்பிக் கிடக்கும் வாயில்லாத உயிரின் எலும்பின் மேல் அதை ஏற்றி வைப்பது கருணை ஆகாது.